தண்ணிக்கு எங்கேய்யா இடம்?

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. போன சனிக்கிழமை ஒரு நாள் ஓய்வு கிடைச்சது. சும்மா இருந்திருக்கலாம். இருக்காம, சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன்.

விஷயம் இதுதான். வீட்டுப் பொட்டிக்கு ஒரு வாட்டர் கூலர் வாங்கினேன். 240 ரேடியேட்டர், அதாவது 120 மி.மீ. ஃபேன் ரெண்டு பக்கத்துல பக்கத்துல உட்கார்ற அளவு. கேஸ் வந்த அட்டைப்பெட்டியில "மேலே 240 ரேடியேட்டர் பொருந்தும்"னு போட்டிருந்தது. நம்பிட்டேன். ரேடியேட்டர் தடிமன் 27 மி.மீ., ஃபேன் தடிமன் 25 மி.மீ., ஆக மொத்தம் 52. கேஸ் கூரைக்கும் மதர்போர்டு மேல் ஓரத்துல இருக்கற ஹீட்சிங்க்குக்கும் நடுவுல ஸ்கேல் வெச்சு அளந்தா 43. ஒன்பது மில்லிமீட்டர் உதைக்குது. ரேடியேட்டர் கூரையில பொருந்தும்தான், பொய் சொல்லலை. ஆனா ஃபேனைத் தெருவுலதான் வெக்கணும்.

அம்மா காபி கொண்டு வந்து வெச்சுட்டு ஒரு பார்வை பார்த்தாங்க. "ஏண்டா, தண்ணியையும் கரண்ட்டையும் ஒரே பொட்டிக்குள்ள வைக்கலாமா?" அப்படின்னு ஒரு கேள்வி. பதில் சொல்லாம மழுப்பிட்டேன். ஆனா அந்தக் கேள்வியும் அந்த ஒன்பது மில்லிமீட்டரும் ராத்திரி தூங்க விடலை. இந்தப் பொட்டி ஏன் இந்த வடிவத்துல இருக்கு? இதுக்குள்ள தண்ணி எப்ப வந்தது, யார் கொண்டு வந்தாங்க? அதைத் தேடிப் படிச்சதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொசுவத்திச் சுருள் கொஞ்சம் பெருசாவே சுத்தப் போறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

தண்ணி சூட்டை அழிக்கிறதில்லை, இடம் மாத்துது. இது புரிஞ்சா மீதிக் கதை எல்லாம் தானா புரியும். ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,200 ஜூல் வேணும். ஒரு லிட்டர் காத்துக்கு 1.2 ஜூல் போதும். அதாவது ஒரே கன அளவுல காத்தை விட தண்ணி மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு சூட்டைச் சுமக்கும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் தண்ணி ஓடினாலே 300 வாட் சூட்டை வாங்கிக்கிட்டு நாலு டிகிரிதான் ஏறும். அதனால சிப் பக்கத்துல பிரச்சினையே இல்லை.

பிரச்சினை மறுமுனையில. அந்தத் தண்ணி சூட்டைக் கடைசியில காத்துக்கிட்டதான் கொடுத்தாகணும். ஒரு நல்ல 120 மி.மீ. ஃபேன் தடையில்லாம ஓடினா, காத்து ஒரு டிகிரி ஏறுறதுக்கு சுமார் 28 வாட் எடுத்துட்டுப் போகும். அதே 300 வாட்டை ஒரே ஃபேன் வழியா அனுப்பினா காத்து பத்து டிகிரிக்கு மேல ஏறும். மே மாசம் நம்ம ரூம் 36 டிகிரின்னா, ரேடியேட்டர் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் 36-க்குக் கீழ தண்ணி போகவே போகாது. ஆக வாட்டர் கூலிங்னு பேரு இருந்தாலும், வேலை நடக்கற இடம் ரேடியேட்டரும் ஃபேனும். அதுங்களை எங்க வைக்கிறது என்பதுதான் இந்தத் துறையோட மொத்த வரலாறும்.

ஐ.பி.எம். காலம்

1967-ல ஐ.பி.எம். தன்னோட சிஸ்டம்/360 மாடல் 91-ஐ வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சது. அதுல ஒரு அழகான ஏற்பாடு. சர்க்யூட் போர்டுகளைக் காத்துதான் குளிர வெச்சது. ஆனா கீழேர்ந்து மேல போற காத்து ஒவ்வொரு போர்டையும் தாண்டும்போது சூடாகிக்கிட்டே போகும், உச்சியில இருக்கறவனுக்கு அனல்தான் கிடைக்கும். நம்ம ஊர் பஸ்ல டிரைவர் பக்கத்துல என்ஜின் பானட்டை ஒட்டி உட்கார்ந்தவங்களுக்கு இந்த வேதனை தெரியும். அதனால போர்டுகளுக்கு நடுவுல தண்ணி ஓடற குழாய்களை வெச்சாங்க. காத்து வழியில அதுல சூட்டை இறக்கி வெச்சுட்டு அடுத்த போர்டுக்குப் போகும். கவனிச்சீங்களா, இது நம்ம ரேடியேட்டரோட தலைகீழ். நாம தண்ணியோட சூட்டைக் காத்துக்குக் கொடுக்கறோம். அவங்க காத்தோட சூட்டைத் தண்ணிக்குக் கொடுத்தாங்க.

1976-ல க்ரே-1 முதல் மெஷின் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போச்சு. சீமோர் க்ரே தண்ணிக்குப் பதிலா ஃப்ரியான் ஓட விட்டார், நம்ம பழைய ஃப்ரிட்ஜ்ல இருந்த அதே சமாசாரம். மெஷின் சாப்பிட்டது சுமார் 115 கிலோவாட். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில மறுபடி வரும். மெஷினைச் சுத்தி வட்டமா ஒரு சோபா மாதிரி இருக்கும், படத்துல பார்த்திருப்பீங்க. அழகுக்கு மட்டும் வெச்சது இல்லை அது. அதுக்கு அடியில பவர் சப்ளை இருந்தது. இடப் பிரச்சினை அங்கேயும் இருந்திருக்கு பாருங்க!

1980-ல ஐ.பி.எம். 3081-ஐ அறிவிச்சது. இதுல வந்ததுதான் டி.சி.எம். எனப்படும் மாட்யூல். ஒரு பீங்கான் தகட்டுல நூறு சிப் அளவுக்கு நெருக்கமா அடுக்கி, ஒவ்வொரு சிப் மேலயும் ஸ்பிரிங் வெச்ச ஒரு குட்டி பிஸ்டன் அழுத்திக்கிட்டு இருக்கும். இடைவெளியில ஹீலியம் வாயு, ஏன்னா காத்தை விடச் சூட்டைப் பல மடங்கு நல்லா கடத்தும். அதுக்கு மேல தண்ணி ஓடற தகடு. தண்ணி சிப்பைத் தொடவே இல்லை. இன்னிக்கு நம்ம சி.பி.யூ. மேல உட்கார்ற வாட்டர் பிளாக்கோட பெரியப்பா இதுதான்.

இந்தப் பெரிய மெஷின்களுக்கு எல்லாம் ஒரு வசதி. சூடான தண்ணி மெஷினை விட்டு வெளிய போய், கட்டடத்தோட குளிர்நீர்க் குழாய்க்குச் சூட்டைக் கொடுத்துட்டு வந்துடும். ரேடியேட்டரை எங்க வைக்கிறதுன்னு இன்ஜினியர் மண்டையை உடைச்சுக்க வேண்டாம். கட்டடமே ரேடியேட்டர்.

அப்புறம் 1990-களின் நடுவுல எல்லாம் மாறிடுச்சு. சூடு கக்கற பைபோலார் சிப் போய் சிமாஸ் வந்தது. 1994-ல ஐ.பி.எம். காத்துலயே குளிர்ற மெயின்ஃப்ரேம்களைக் கொண்டு வந்தது. முப்பது வருஷம் சேர்த்த தண்ணி ஞானத்தைப் பரண்ல போட்டாச்சு.

கார்ல இருந்து பொட்டிக்கு

இந்தப் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர். 386 காலத்துல ஹீட்சிங்க்கே வேண்டாம். 1993-ல வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட், அதுக்கு ஒரு சின்ன ஃபேன். 1995-ல இன்டெல் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். அமைப்புல பவர் சப்ளையை மேல, சி.பி.யூ.வுக்குப் பக்கத்துல வெச்சாங்க. அதோட ஃபேன் காத்திலேயே சி.பி.யூ.வும் பிழைச்சுக்கும் என்பது ஆரம்ப எண்ணம். என்ன அப்பாவித்தனம்! ஆனா அந்த அமைப்பு நிலைச்சுது. முன்னாடி சி.டி. டிரைவ், நடுவுல ஹார்ட் டிஸ்க் கூண்டு, மேல பவர் சப்ளை. ரேடியேட்டர்னு ஒண்ணு வரும்னு யாரும் நினைக்காத வீடு. பெருமாள் கோயில் பிரசாத டப்பா மாதிரி ஒவ்வொரு மூலையும் நிரம்பியாச்சு.

1998-ல இன்டெல் செலரான் 300ஏ-ன்னு ஒரு மலிவு சிப் விட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100-க்கு மாத்தினா 300-ல ஓட வேண்டியது 450-ல ஓடும். அவ்வளவுதான், உலகம் முழுக்கப் பசங்களுக்குப் பைத்தியம் பிடிச்சுது. இன்னும் வேகம், இன்னும் வேகம். வேகம் கூடினா சூடு. சூடுன்னா ஃபேன், சத்தம். காது கிழிஞ்சதும் சில பேருக்குத் தண்ணி ஞாபகம் வந்தது.

கடையில ரேடியேட்டர் கிடைக்கலை. அதனால கார் உதிரிபாகக் கடைக்குப் போனாங்க. குளிர் நாட்டுக் கார்கள்ல டாஷ்போர்டுக்குள்ள ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கும், ஹீட்டர் கோர்னு பேரு. என்ஜின் சூட்டை உள்ள கொண்டு வந்து கால் விறைக்காம பார்த்துக்கும். நமக்கு அதோட அருமை தெரியாது, நம்ம ஊர் கார்ல அந்தக் குமிழை யாரு திருப்பினா? செவர்லே செவெட் காரோட ஹீட்டர் கோர் ஒரு 120 மி.மீ. ஃபேனுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்தது. 1977 போன்டியாக் பானவில் கோர்ல ரெண்டு ஃபேன் உட்காரும். காரைப் பார்த்தே இருக்காத பசங்க கூட "77 பானவில்"னு சொன்னா கண்ணு விரியும்.

மீன் தொட்டிக்குத் தண்ணி இறைக்கிற ஜெர்மன் எய்ம் பம்ப். ஹார்டுவேர் கடை பிளாஸ்டிக் டியூப். ஹோஸ் கிளாம்ப். பித்தளைக் குழாய் முனையை வெட்டி, சாலிடர் பண்ணி, தகடு வளைச்சு ஒரு மூடி. இந்த மூடி விஷயம் சுவாரசியமானது. ஃபேனோட நடு மோட்டார் இருக்கற இடத்துல காத்து வீசாது. ஃபேனை நேரா கோர் மேல ஒட்டி வெச்சா நடுப்பகுதி செத்த இடம். கொஞ்சம் தள்ளி ஒரு தகட்டுக் கூண்டு வெச்சு மாட்டினா காத்து பரவி எல்லா இடத்துக்கும் போகும். கையில பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பாடம்.

பட்ட பாடம் இன்னும் இருக்கு. மீன் தொட்டி பம்ப் வீட்டு மின்சாரத்துல ஓடறது, கம்ப்யூட்டரோட சேர்ந்து ஆன் ஆகாது. பம்பைப் போட மறந்து பொட்டியை மட்டும் போட்டா சி.பி.யூ. வறுவல்தான். அதுக்கு ஒரு ரிலே மாட்டினாங்க. செம்பு பிளாக், அலுமினிய ரேடியேட்டர், நடுவுல தண்ணி: அது ஒரு பேட்டரி மாதிரி ஆகி அலுமினியத்தை அரிச்சுடும். அதனால செம்புக்குச் செம்பு, பித்தளை. குழாய்த் தண்ணி ஊத்தினா உப்பும் பாசியும். நம்ம இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி, கூட பாசி பிடிக்காம இருக்க மருந்து. பாதிப் பேர் கார் கூலன்ட்டையே கலந்து ஊத்தினாங்க. இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. ஒருத்தன் நனைஞ்சு கத்துக்கிட்டதை மறுநாள் உலகத்துக்கே சொன்னான். எனக்கு இந்த வரலாற்றுலயே பிடிச்ச பகுதி இதுதான்.

சரி, ரேடியேட்டரை எங்க வெச்சாங்க? எங்கேயும் இடம் இல்லை. அதனால ஜிக்சா எடுத்துக் கேஸை அறுத்தாங்க. சி.டி. டிரைவ் இருக்கற இடத்தைக் காலி பண்ணி உள்ள திணிச்சாங்க. கூரையில ஓட்டை போட்டு மேல கூரைக்கு மேல கூரை கட்டினாங்க.

கம்பெனிகள் உள்ள வருது

2000-களின் தொடக்கத்துல இது வியாபாரமாச்சு. கூலன்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி கேஸ் கூரையிலேயே ரேடியேட்டரும் ஃபேனும் வெச்சு முழுப் பொட்டியா வித்தது. பிலிப்பைன்ஸ்ல இருக்கற ஹார்டுவேர் லேப்ஸ் 'பிளாக் ஐஸ்'னு கம்ப்யூட்டருக்குன்னே ரேடியேட்டர் பண்ணினாங்க. ஸ்விஃப்டெக் 'ரேட்பாக்ஸ்'னு ஒரு தாங்கி விட்டாங்க, ரேடியேட்டரைக் கேஸுக்கு வெளியே, பின்பக்கம் முதுகுப் பை மாதிரி தொங்க விடலாம். கொரியாவின் ஸால்மான் இன்னும் ஒரு படி மேல போய், ஃபேனே இல்லாம அறுபது செ.மீ. உயரத்துல ஒரு நீல அலுமினியக் கோபுரத்தைத் தனியா தரையில நிறுத்திட்டாங்க. ரெசரேட்டர்னு பேரு. இடப் பிரச்சினைக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை: உள்ள இடம் இல்லையா, வெளியே போய்டு.

2004 முக்கியமான வருஷம். பிப்ரவரியில வந்த இன்டெல் பிரெஸ்காட் சிப் 100 வாட்டைத் தாண்டிடுச்சு. மே மாசம் அதுக்கு அடுத்து வர வேண்டிய தேஜாஸை இன்டெல் கைவிட்டது. ஜூன்ல ஆப்பிள், தொழிற்சாலையிலேயே திரவக் குளிர்ச்சி வெச்ச பவர் மேக் ஜி5-ன் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலை அறிவிச்சது. அந்தக் கருவியைச் செஞ்சது டெல்ஃபை, கார் உதிரிபாகம் செய்யற கம்பெனி. பசங்க கார் கடையில வாங்கினதை, ஆப்பிளும் கார் ஆளுங்ககிட்டதான் வாங்கினது! ஆனா சில வருஷம் கழிச்சு அதுல பல மெஷின்கள் கசிய ஆரம்பிச்சது. அந்த மாடல்ல பவர் சப்ளை இருந்தது அடியில. மேலேர்ந்து சொட்டின கூலன்ட் எங்க போகும்னு சொல்லத் தேவையில்லை. எங்க அம்மா கேட்டது சும்மா கேட்ட கேள்வி இல்லை.

2006-ல கோர் 2 டுயோ 65 வாட்ல வந்ததும், மெயின்ஃப்ரேம் கதை மாதிரியே, தண்ணிக்கு வேலை போச்சுன்னு நினைச்சாங்க. போகலை.

டென்மார்க்கின் அசெடெக் கம்பெனி, பம்பையும் செம்புத் தகட்டையும் ஒண்ணாக்கி, ரேடியேட்டரோட சேர்த்து, தொழிற்சாலையிலேயே தண்ணி நிரப்பி மூடினாங்க. திறக்க வேண்டாம், ஊத்த வேண்டாம். 2009-ல கோர்ஸேர் அதை எச்50-ன்னு வித்தது. ஒரே ஒரு 120 மி.மீ. ரேடியேட்டர், கேஸின் பின்பக்க ஃபேன் இருக்கற ஓட்டையில மாட்டிக்கலாம். ஒரு ஓட்டையும் அறுக்க வேண்டாம். ஜிக்சா காலம் அன்னிக்கு முடிஞ்சது. ஆனா இடச் சண்டை முடியலை. ஃபேனை வெளிக்காத்து உள்ளே வர்ற மாதிரி திருப்பி வைங்கன்னு கோர்ஸேர் சொன்னது. பின்பக்கம் காத்து வெளிய போகணும்னு பழகினவங்க இன்னிக்கும் அதைப் பத்தி வாதாடறாங்க.

கேஸ்காரங்களும் மாற ஆரம்பிச்சாங்க. பவர் சப்ளை மேலேர்ந்து கீழ இறங்கினது பெரிய புரட்சி. கூரை காலியாச்சு. அதே 2009-ல வந்த கோர்ஸேர் 800டி கூரையில மூணு ஃபேன் ரேடியேட்டர் அப்படியே உட்காரும். 2011-ல எச்100 வந்தது, 240 அளவு, 27 மி.மீ. தடிமன். என் சனிக்கிழமையைக் கெடுத்த அந்த 52 அங்கேர்ந்து வருது. அப்புறம் சி.டி. டிரைவ் செத்துப் போச்சு, ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் ஒரு சீப்பு அளவு எஸ்.எஸ்.டி. ஆச்சு. முன்பக்கமும் காலி. காலியான வீட்டுக்குள்ள ரேடியேட்டர் குடி வந்தது. யாரோ செத்ததாலதான் இதுக்கு இடம் கிடைச்சுதுன்னு சொல்லலாம்.

2015-ல ஏ.எம்.டி. ஃபியூரி எக்ஸ் கிராபிக்ஸ் கார்டையே 120 ரேடியேட்டரோட அனுப்பினது. சி.பி.யூ.வுக்கு ஒண்ணு, கார்டுக்கு ஒண்ணு. சின்னக் கேஸ் வெச்சிருந்தவங்க திருதிருன்னு முழிச்சாங்க.

என் பொட்டியில என்ன பண்ணினேன்

கூரையில முடியாதுன்னு ஆச்சு. மீதி இருந்தது முன்பக்கம். அங்க வைக்கலாமான்னு ஒரு கணக்குப் போட்டேன். கிராபிக்ஸ் கார்டு 300 வாட்டைக் கேஸுக்குள்ளேயே கொட்டுது. ரெண்டு ஃபேன் காத்து உள்ள வந்தா டிகிரிக்கு 56 வாட், ஆக உள்காத்து அஞ்சு டிகிரிக்கு மேல ஏறும். கூரை ரேடியேட்டருக்கு அந்த எச்சில் காத்துதான் கிடைக்கும், 36 இல்லை, 41. முன்பக்கம் வெச்சா சி.பி.யூ.வுக்கு வெளிக்காத்து, கார்டுக்குத்தான் சி.பி.யூ.வின் 120 வாட் சூடு சேர்ந்த காத்து, அது ரெண்டு டிகிரி. ரேடியேட்டர் தடுக்கறதுல காத்து குறையும், அதனால நிஜத்துல மூணு, நாலு. இருந்தாலும் எனக்கு லாபம்தான். கம்பைல் ஓடும்போது வேலை செய்யறது சி.பி.யூ., கார்டு சும்மாதான் இருக்கு.

இன்னொரு பாடம். மூடின கூலர்லயும் ரப்பர் டியூப் வழியா வருஷக்கணக்குல தண்ணி ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமா குறையும், அந்த இடத்துல காத்து சேரும். காத்து எப்பவும் உச்சிக்குப் போகும். உச்சியில பம்ப் இருந்தா பம்ப் காத்தைக் குடிச்சுச் சாகும். அதனால ரேடியேட்டரோட ஒரு பகுதியாவது பம்பை விட உசரமா இருக்கணும். முன்பக்கம் நிமிர்த்தி வெச்சதுல அது தானா அமைஞ்சது.

முன்பக்க ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழட்டும்போதுதான் மனசு கேட்கலை. அதுல காலேஜ் காலத்துப் படம் எல்லாம் இருக்கற பழைய டிஸ்க். எடுத்துக் கேஸுக்கு அடியில பவர் சப்ளைக்குப் பக்கத்துல வெச்சேன். அப்புறம் ஜி5 ஞாபகம் வந்தது. சொட்டினா அங்கதான் சொட்டும். எழுந்து போய் ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் பொட்டியை ஆன் பண்ணினேன். பழைய ஆளுங்க டிஷ்யூ பேப்பர் விரிச்சு, பம்பை மட்டும் ஒரு நாள் ஓட விட்டுக் கசிவு பார்ப்பாங்க. மூடின கூலர்ல அந்த வாய்ப்பே இல்லை. வசதி கிடைச்சது, சோதிக்கிற உரிமை போச்சு. உள்ள என்ன இருக்குன்னு திறந்து பார்க்கற பழக்கமும் போச்சு.

வட்டம் முடியற இடம்

பெரிய மெஷின்கள் மறுபடி தண்ணிக்கே வந்துட்டாங்க. 2008-ல ஐ.பி.எம். பவர் 575, 2010-ல இசட்196 மெயின்ஃப்ரேம்ல விரும்பினா தண்ணி. அதே 2010-ல சூரிச் ஈ.டி.எச்.ல அக்வாசார்னு ஒரு மெஷின்: 60 டிகிரி வெந்நீரால சிப்பைக் குளிர வெச்சு, அந்தச் சூட்டைக் கட்டடத்துக்கே கொடுத்தாங்க. வெந்நீரா குளிர வைக்கும்னு சிரிக்காதீங்க, சிப் 80 டிகிரின்னா 60 டிகிரி தண்ணி அதுக்குக் குற்றாலம்தான்.

2024-ல என்விடியா ஜி.பி.200 என்.வி.எல்.72-ன்னு ஒரு ரேக் அறிவிச்சது. 72 ஜி.பி.யூ., தண்ணியில்லாம ஓடாது. ஒரு ரேக் சாப்பிடறது சுமார் 120 கிலோவாட். க்ரே-1 எவ்வளவு? 115. நாற்பத்தெட்டு வருஷத்துல கணக்குப் போடற வேகம் எங்கேயோ போயிடுச்சு, கொட்டற சூடு மட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. மனுஷன் தாங்கற சூட்டுக்கு ஒரு எல்லை இருக்கு போல, அந்த எல்லை வரைக்கும் போய்த்தான் நிப்பான்.

நேத்து அம்மா வந்து பொட்டி மேல கை வெச்சுப் பார்த்தாங்க. "குளிர்ச்சியாத்தான் இருக்கு. ஆனா ரூம் ஏண்டா இவ்வளவு வேகுது?"

அதான்மா. தண்ணி சூட்டை அழிக்கிறதில்லை, இடம் மாத்துது.

பி.கு: உங்க கேஸ் அட்டைப்பெட்டியில "240 பொருந்தும்"னு போட்டிருந்தா நம்பாதீங்க. ஸ்கேலை எடுங்க. 52 :-)